ஈஸ்வரி கடலை விட்டு வந்த கதை

கிணற்று மேட்டில் நின்றுகொண்டிருந்தேன். இடுப்பில் ஒரு லாரி டியூப். முழுக்கைச் சுடிதார், அதற்கு மேலே ஈஸ்வரியின் அண்ணனுடைய பழைய சட்டை. தலைமுடியை இறுக்கிக் கொண்டை போட்டு அதையும் துணியால் கட்டியிருந்தேன். கீழே, பச்சைத் தண்ணீரில், கை கால் அசைப்பதே தெரியாமல் ஈஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். தண்ணீரில் இப்படி நிற்க முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

“குதிடி மெஹரு. நான் இருக்கேன்ல.”

“எம்புட்டு ஆழம் ஈஸு?”

“ஆழத்தக் கேட்டு என்ன செய்யப் போற? மெதக்கப் போறவளுக்கு மேல்தண்ணி போதும்.”

புங்கமரத்துக்குக் கீழே ஈஸ்வரியின் அம்மா காவலுக்கு உட்கார்ந்திருந்தார். வரப்பில் எவனுடைய தலையாவது தெரிந்தால் போதும். “பொம்பளப் பிள்ளைக குளிக்குதுக. அங்கிட்டுப் போங்கப்பா!” என்று குரல் கொடுப்பார். என் பக்கம் திரும்பும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். “ஏத்தா, பயமாருந்தா எறங்கி வந்துரு. ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் பெறகு குதிக்கலாம்.”

நான் குதிக்கவில்லை. கஞ்சிதான் குடித்தேன். மோர்மிளகாயும் இருந்தது.

குடைக்கடைக் குடும்பம்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் கடலடியில் எடுத்த மண் பொட்டலங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, “மதுரைக்காரிக்கு நீச்சல் எங்கே கிடைத்தது?” என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் ஆறு இருக்கிறது. ஆனால் நான் வளர்ந்த காலத்தில் வைகையை எல்லோரும் நடந்துதான் கடந்தோம். வண்டியூர்த் தெப்பக்குளத்தில் சில வருஷம் தண்ணீர் நிற்கும், பல வருஷம் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள்.

எங்கள் வீட்டுக்கோ தண்ணீரோடு ஒரு வினோதமான உறவு. தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் அத்தா, அதாவது என் அப்பா, குடைக்கடை வைத்திருந்தார். கறுப்புத் துணியின் மெழுகு வாசமும் இரும்புக் கம்பியின் வாசமும் கலந்து அவர் சட்டையில் எப்போதும் இருக்கும். மழையை நம்பிப் பிழைத்த குடும்பம். ஆனால் எங்கள் வம்சத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கியவர் யாரும் கிடையாது. மழை தூறினால்கூட அத்தா கடைக்குள் ஓரடி தள்ளி உட்காருவார். குடை விற்பவர் நனைந்தால் வாங்குபவருக்கு நம்பிக்கை போய்விடுமாம்.

அப்படிப்பட்ட வீட்டுப் பெண் கடலுக்கு ஆசைப்பட்டதற்கு ஒரு காய்ந்த புல்தான் காரணம்.

முதுகலை படிக்கும்போது ஆய்வகத்தில் ஒரு தாளில் ஒட்டி வைத்திருந்தார்கள். வரப்புப் புல் மாதிரிதான் இருந்தது. அது கடலுக்கடியில் வளர்வது என்றார்கள். பாசி இல்லை, நிஜமான புல். வேர் உண்டு, தண்டு உண்டு, தண்ணீருக்குள்ளேயே பூக்கவும் செய்யும். ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடல்பசு அதைத்தான் மேய்கிறது. மேய்ந்த இடத்தில் வயலில் ஏர் ஓட்டியது மாதிரி தடம் விழுமாம். அந்தத் தடத்தை என் கண்ணால் பார்க்கவேண்டும் என்ற ஆசை அன்றைக்கே என்னைப் பிடித்துக்கொண்டது.

இரண்டு பேர்

முனைவர் பட்டத்துக்காக எங்கள் பேராசிரியையிடம் நானும் ஈஸ்வரியும் ஒரே நேரத்தில் சேர்ந்தோம். அவருடைய கடல்புல் திட்டத்தில் களப்பணிக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பேராசிரியையை எல்லோரும் மேடம் என்றுதான் சொல்வோம். அதிகம் பேசமாட்டார். பேசினால் அது முடிவாகத்தான் இருக்கும்.

“கடல்ல முகத்தை உள்ள வச்சு மிதந்துக்கிட்டே வேலை பார்க்கணும். மழைக்காலம் முடிஞ்சதும் போறோம். நீந்தத் தெரியாதவங்களைப் படகுல ஏத்த மாட்டேன்” என்றார்.

ஈஸ்வரி சிரித்தாள். அவள் கொட்டாம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். நடக்கப் பழகிய கையோடு கிணற்றில் விழப் பழகியவள். முழுப்பெயர் பாண்டீஸ்வரி. பல்லிடுக்கு தெரியச் சிரிப்பாள், சத்தமாகப் பேசுவாள், விடுதிச் சாப்பாட்டில் என் முட்டையையும் சேர்த்துச் சாப்பிடுவாள். எனக்கு நீச்சல் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். வெளியே வந்ததும் சொன்னாள்.

“எங்க வீட்டுக் கெணறு சும்மாதான கெடக்கு. சனி ஞாயிறு வா. மெதக்க வச்சுர்றேன்.”

அப்படித்தான் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, மேலூர் தாண்டி, அந்தக் கிணற்று மேட்டில் போய் நின்றேன். அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அத்தாவிடம் ‘ஈஸ்வரியோடு சேர்ந்து படிக்கிறேன்’ என்று சொல்லச் சொன்னது அம்மாதான்.

காது வலி

சில வாரங்களில் படியைப் பிடித்துக் கால் அடித்தேன். பிறகு டியூபோடு குறுக்கே போனேன். ஒருநாள் ஈஸ்வரி டியூபில் காற்றைப் பாதியாக இறக்கிவிட்டாள். எனக்குச் சொல்லவில்லை. கிணற்றின் நடுவில் அதைக் கண்டுபிடித்து நான் கத்திய கத்தலில் மரத்திலிருந்த மைனாக்கள் எல்லாம் பறந்தன. “நீந்திக்கிட்டேதாண்டி கத்துற!” என்றாள் அவள். உண்மைதான்.

அதற்கப்புறம் ஒருநாள் மேட்டிலிருந்து குதித்தேன். மூக்கில் தண்ணீர் ஏறி மண்டைக்குள் நெருப்பு வைத்தது மாதிரி இருந்தது. மேலே வந்ததும் ஈஸ்வரியின் அம்மா எழுந்து நின்று இரண்டு கையையும் தட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் குதியில்தான் காது போனது. இரவெல்லாம் குத்தல். மறுநாள் அத்தாவே கடையைப் பூட்டிவிட்டு என்னை டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்.

“நீச்சல் பழகுறீங்களாம்மா?”

என் பக்கத்து நாற்காலியில் அத்தா. பொய் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. “ஆமா டாக்டர்” என்றேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அத்தா முன்னால் போனார். டவுன்ஹால் ரோடு முழுக்க நடந்தோம். எங்கள் சந்து முனைக்கு வந்ததும் நின்றார்.

“எங்க?”

“கொட்டாம்பட்டியில. ஈஸ்வரி வீட்டுக் கெணறு அத்தா.”

“படி இருக்கா?”

“இருக்கு.”

“படியில பாசி புடிச்சிருக்குமே.”

“ஈஸ்வரி அம்மா தேச்சு விட்டுருவாங்க.”

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார். “ஆம்பளைக யாரும் வாராகளா அங்கிட்டு?”

“அவங்கம்மா விடமாட்டாங்க அத்தா.”

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, என் முகத்தைப் பார்க்காமல், “டாக்டர் பஞ்சு வைக்கச் சொன்னாருல்ல. எண்ணெயில நனைச்சு வையி. காஞ்ச பஞ்சு நிக்காது” என்றார். அடுத்த சனிக்கிழமை நான் கிளம்பும்போது ஈஸ்வரியின் அம்மாவுக்கு என்று பூப்போட்ட குடை ஒன்றைக் கையில் கொடுத்தார். “வெயில்ல உக்காந்து காவக் காக்குறாகளே, குடு.”

வடகடல்

மழைக்காலம் முடிந்து மண்டபத்துப் பக்கம் ஒரு மீனவ கிராமத்துக்குப் போனோம். அங்கே ரோட்டுக்கு ஒருபுறம் வடகடல், மறுபுறம் தென்கடல். நாங்கள் போனது வடகடல். காலை வெயிலில் அது குளம் மாதிரி அசையாமல் கிடந்தது. இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று நினைத்தேன்.

படகை அந்தோணி அண்ணன் ஓட்டினார். மேடம் முன்பக்கம் உட்கார்ந்திருந்தார். கரை மெல்லிய கோடாகிப் பிறகு அதுவும் மறைந்ததும், அண்ணன் மோட்டாரை நிறுத்தி நங்கூரம் போட்டார். கீழே புல் மைதானம் என்றார் மேடம். மேலிருந்து பார்க்கக் கறுப்பாகத் தெரிந்தது.

ஈஸ்வரிதான் முதலில் குதித்தாள், கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு. நான் படகின் ஓரத்தைப் பிடித்து மெல்ல இறங்கினேன். உப்புத் தண்ணீர் தானாகவே தூக்கியது. கிணற்றில் இல்லாத உபகாரம். முகத்தை உள்ளே வைத்தேன்.

அதை எப்படிச் சொல்வது? காற்றடிக்கும் நெல்வயலின் மேலே பறந்துகொண்டிருப்பது மாதிரி இருந்தது. புல் மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்தது, பிறகு மறுபக்கம் சாய்ந்தது. நடுவில் விரல் நீள மீன்கள். என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ தெரியாது.

திடீரென்று என் தோளை யாரோ பிடித்து அழுத்தினார்கள்.

ஈஸ்வரி. கண்ணாடிக்குள் அவள் கண்கள் வெள்ளையாகத் தெரிந்தன. மூச்சுக்குழாயைத் துப்பியிருந்தாள். என் மேல் ஏறப் பார்த்தாள். இரண்டு பேரும் உள்ளே போனோம். உப்பு தொண்டையில் இறங்கியது. அவளே எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான்: பிடிப்பவரோடு மல்லுக்கட்டாதே, பின்னால் போ. அவள் பிடியிலிருந்து கீழ்ப்பக்கமாக நழுவி, முதுகுப் பக்கம் போய், சட்டையைப் பிடித்து இழுத்தேன். அந்தோணி அண்ணன் கயிறு வீசினார்.

படகில் ஏற்றியதும் அவள் வாந்தி எடுத்தாள். மேடம் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, “அலை ஒத்துக்கலை போல” என்றார். அலையே இல்லை.

மறுநாளும் முயன்றாள். அதற்கு மறுநாளும். படகின் ஓரத்தைவிட்டுக் கை வரவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் இருவரும் கரையில் உட்கார்ந்திருந்தோம்.

“கெணத்துல நாலு பக்கமும் சொவருடி” என்றாள். “எங்கிட்டுப் போனாலும் கை படும். இங்க தலையக் குனிஞ்சா கீழ கறுப்பா ஆடுது. நிமுந்தா ஒண்ணுமே இல்ல. நான் எங்க இருக்கேன்னே தெரியல.”

“பழகிரும் ஈஸு.”

“பழகல மெஹரு.” அவள் குரலில் அழுகை இல்லை. களைப்புதான் இருந்தது. “யாருகிட்டயும் சொல்லாத. கெணத்துல பொறந்தவ கடலப் பாத்துப் பயந்துட்டான்னு ஊரே சிரிக்கும்.”

நீ இல்லாமல் நானும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

“நீ வேணாம்னு சொன்னா நான் அதுல எறங்கிருவேனா? ரெண்டு பேருமா கரையில உக்காந்து சுண்டல் திங்கவா? அம்புட்டு கஷ்டப்பட்டு ஒன்னைய மெதக்க வச்சிருக்கேன். ஒழுங்கா மெதந்துக்கிட்டு இரு.”

வெள்ளை வீசும் நாள்

ஊருக்குப் போன ஈஸ்வரி திரும்பி வரவில்லை. போன் எடுக்கவில்லை. ஆய்வுத் தலைப்பு கடலில் இருக்கிறது, ஆள் கடலில் இறங்கமாட்டாள். மேடம் ஒருமுறைதான் கேட்டார்: “விட்டுருவாளா?” வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டதாக விடுதியில் யாரோ சொன்னார்கள்.

கோடை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிட்டேன். அவள் வீடு பூட்டியிருந்தது. தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. “எல்லாரும் கம்மாயில. இன்னைக்கு மீன்பிடி” என்றார் கடைக்காரர்.

அந்தப் பக்கத்தில் கண்மாய் வற்றும்போது ஊர்கூடி மீன் பிடிப்பார்கள். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை யாரும் இறங்கக்கூடாது. வீசிவிட்டால் யாரும் நிற்கமாட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வீசி முடிந்திருந்தது. கூடையும் வலையும் பழைய சேலையுமாக ஊர் முழுக்கச் சேற்றுக்குள் நின்றது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். ஒரே இரைச்சல். சேற்று வாசமும் மீன் வாசமும் வெயிலில் கொதித்தன.

எல்லோரும் நடுக்கண்மாயில் விராலைத் துரத்திக்கொண்டிருக்க, மடைக்குப் பக்கத்தில் ஒருத்தி மட்டும் கொசுவலைத் துண்டால் மணலை அரித்துக்கொண்டிருந்தாள். முட்டிக்கு மேல் சேறு. முகத்திலும் சேறு. சிரித்தபோது தெரிந்த பல்லிடுக்கைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

“என்னடி தேடுற?”

“அயிர.”

மதுரைக்காரர்களுக்கு அயிரை மீனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. விரலைவிடச் சிறிய மீன். குழம்பு வைத்தால் தெருவே மணக்கும்.

“எல்லார் கூடையிலயும் பாரு, ஜிலேபி மீனா அள்ளுறாக” என்றாள் ஈஸ்வரி. “அது வெளிநாட்டு மீனுடி. எங்க அம்மா சின்னப் பிள்ளையில முந்தியில அள்ளுனது அயிரயாம். இந்தக் கம்மாயில அது இல்லவே இல்லன்னு சொல்றாக. ஆனா இந்தா பாரு.”

வலைத்துண்டில் கொஞ்சம் மணல். மணலுக்குள் ஏதோ துடித்தது.

“அடுத்த ஊர்க் கம்மாயில ஒண்ணுகூட இல்ல. இங்க எப்படிடி இருக்கு? ரெண்டு வாரமா இதத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.” அவள் குரல் பழையபடி சத்தமாகியிருந்தது. வரப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டதே போதும் என்றிருந்தது.

“இத மேடத்துகிட்டச் சொல்லு” என்றேன்.

“சிரிப்பாக. கடல்ல முடியல, சகதியில எறங்கிட்டான்னு.”

“சொல்லாமயே சிரிப்பாங்கன்னு எப்படித் தெரியும்? வா, மீனோட போவோம்.”

பஸ்ஸில் ஒரு வாளி

மறுநாள் காலை மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் அடியில் மணல், மேலே கண்மாய்த் தண்ணீர், உள்ளே அயிரை. மூடியில் ஈஸ்வரி ஆணியால் ஓட்டை போட்டிருந்தாள். கண்டக்டர் வந்து முகர்ந்தார்.

“என்னம்மா, மீனா?”

“ஆராய்ச்சிண்ணே” என்றாள் ஈஸ்வரி.

“எந்த ஆராய்ச்சியா இருந்தாலும் பின்னாடி கொண்டு போ. மேலூர்ல கூட்டம் ஏறும். தட்டிவிட்டா பஸ்ஸு பூரா குழம்பாயிரும்.”

கடைசி சீட்டில் வாளியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு வந்தோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் தண்ணீர் தளும்பி என் சுடிதாரை நனைத்தது.

மேடம் வாளிக்குள் பார்த்தார். “எங்கே? ஒண்ணும் இல்லையே.”

“மணலுக்குள்ள பூந்துருக்கும் மேடம். கண்ணு மட்டும் தெரியும் பாருங்க” என்றாள் ஈஸ்வரி.

மேடம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு விரலால் மணலைத் தொட்டார். மணல் சட்டென்று சிதறியது. அவர் கையை இழுத்துக்கொண்டார்.

“தலைப்பை மாத்தினா எல்லாம் முதல்லேர்ந்து. தெரியும்ல?”

“தெரியும் மேடம்.”

“எத்தனை கண்மாய் பார்ப்பே?”

“எங்கூர்லேர்ந்து மேலூர் வரைக்கும் உள்ளது எல்லாம் பார்க்குறேன் மேடம்.”

“எல்லாம் முடியாது. பாதி பாரு. ஒழுங்கா பாரு” என்றார் மேடம். அது முடிவு.

வைவா

அடுத்த சில வருஷங்கள் நான் வடகடலில் புல்லை அளந்தேன். ஆவுளியா மேய்ந்த தடத்தையும் பார்த்துவிட்டேன். அது வேறு கதை. ஈஸ்வரி டி.வி.எஸ். வண்டியில் கண்மாய் கண்மாயாக அலைந்தாள். தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபடாத கண்மாய்களில், மணல் வந்து சேரும் மூலைகளில், அயிரை இன்னும் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தாள். ஜிலேபி பெருகிய இடத்தில் என்னென்ன காணாமல் போயின என்றும் எழுதினாள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு முறை வந்து போனார்கள். அவள் அம்மாதான், “படிப்பு முடியட்டும்” என்று காபி கொடுத்து அனுப்பினார்.

அவளுடைய வைவாவுக்கு, அதாவது பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு, எல்லோரும் வந்திருந்தோம். அவள் அம்மா பட்டுச்சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் நான். அத்தாகூடக் கடையை மூடிவிட்டு வந்து, கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தேர்வாளர் வெளியூரிலிருந்து வந்தவர். காலமெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் தவளைகளை ஆராய்ந்தவர். ஆங்கிலத்தில் கேள்விகளை முடித்துவிட்டு, தமிழுக்கு மாறினார்.

“நீங்க முதல்ல கடல்புல் திட்டத்துலதானே சேர்ந்தீங்க? ஏன் விட்டீங்க?”

இந்தக் கேள்வி வரும் என்று எங்களுக்குத் தெரியும். உள்நாட்டு நீர்நிலைகளின் அவசரத் தேவை என்று அழகான ஒரு பதிலை நான் தயாரித்து, முந்தின நாள் முழுக்க அவளுக்கு உருப்போட வைத்திருந்தேன்.

ஈஸ்வரி வாயைத் திறந்தாள். மூடினாள். என்னைப் பார்த்தாள். பிறகு தேர்வாளரைப் பார்த்தாள்.

“கடல்ல எனக்குப் பயமா இருந்துச்சு சார்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். உடனே அடங்கிவிட்டது.

“நல்லா நீந்துவேன் சார். ஆனா கரை தெரியாத தண்ணியில என்னால தலையக் குனிஞ்சு பார்க்க முடியல. பயந்துக்கிட்டே இருந்தா கீழ என்ன இருக்குன்னு கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது. கம்மாயில எனக்குப் பயம் இல்ல. அதனால அங்க இருக்கிறதப் பாத்தேன். பாத்ததத்தான் எழுதியிருக்கேன்.”

தேர்வாளர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

“எனக்கு அட்டைன்னா பயம்மா” என்றார். “ஒவ்வொரு மழைக்கும் காட்டுக்குள்ள போறப்ப அழுகை வரும். என் மாணவர்கள் யாருக்கும் இது தெரியாது.”

மேடம் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

ஈஸ்வரியின் அம்மா என் முழங்கையைப் பிடித்தார். “என்னத்தா, பாஸாயிட்டாளா?”

“இன்னும் சொல்லலம்மா. ஆனா ஆயிட்டா.”

அவர் அறிவிப்புக்குக் காத்திருக்கவில்லை. எழுந்தார். தேர்வாளரையும் மேடத்தையும் தாண்டி நேராக மேடைக்குப் போனார். பட்டுச்சேலை முந்தியால், அத்தனை பேர் முன்னிலையில், மகளின் நெற்றியையும் கழுத்தையும் துடைத்துவிட்டார்.

“எம்புட்டு வேர்வ” என்றார். “பேசுனது போதும். செத்த நேரம் ஃபேனுக்கு நேரா நில்லு.”